தலைவர் தவறினார், நிலையம் தழைத்தது

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது மருத்துவம். நோய் வரும் வழியை அறிந்து அதனை அடைப்பது சுகாதாரவியல். காற்று, நீர், மண், உணவு, உறையுள் ஆகிய அனைத்தையும் ஆராய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் தனி நிலையம் வேண்டும் என்பது இன்று யாருக்கும் வியப்பளிக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலோ அது புதுமையிலும் புதுமை. அப்புதுமையைச் செயலாக்கிக் காட்டியவர், ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான பவேரியாவின் அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோபர் (1818–1901).

அளந்து அறிதல்

மருத்துவப் பட்டம் பெற்றிருந்தும் பெட்டன்கோபரின் உள்ளம் இரசாயனத்தையே நாடியது. அளந்து பார்க்காமல் எதையும் ஏற்கும் இயல்பு அவரிடம் இல்லை. ஓர் அறையின் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமிலவாயு சேருமானால் அது மாந்தர் வசிக்கத் தகாத காற்று என்று 1858-இல் வரையறுத்தார். அறைகளின் காற்றோட்டத்தை மதிப்பிடுவோர் இன்றும் அந்த அளவை எடுத்துக்காட்டுகின்றனர். பின்னர் மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனின் பொருளுதவியால், ஒருவர் உண்டு உறங்கி வசிக்கத்தக்க சோதனை அறையைக் கட்டி, உடலியல் அறிஞர் கார்ல் வாய்ட்டுடன் சேர்ந்து, உள்ளே இருப்பவரின் உணவையும் மூச்சையும் அளந்தார்.

1865-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்பட்டு, அவருக்கே கிடைத்தது. பதவி கிடைத்ததே தவிர, அதற்குரிய நிலையம் கிடைக்கவில்லை. 1872-இல் வியன்னா அவரை அழைத்தது. மியூனிக்கிலேயே தங்க வேண்டுமானால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்றார். பவேரிய அரசு இசைந்தது. ஏழாண்டுகள் கழித்து, 1879-இல் நிலையம் திறக்கப்பட்டது.

நலத்தின் விலை

ஆராய்ச்சிக்கும் நகரத் தூய்மைக்கும் பணம் வேண்டும். பணம் தருவோர் கணக்குக் கேட்பர். 1873-இல் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவுகளில் அக்கணக்கை அவரே விரித்துரைத்தார். மியூனிக்கில் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு 33 பேர் இறந்தனர். லண்டனில் 22 பேரே இறந்தனர். 170,000 மக்கள் வாழும் மியூனிக் லண்டனின் நிலையை எட்டினால் 1,870 உயிர்கள் தப்பும். ஒரு சாவுக்கு 34 பேர் நோயுறுகின்றனர், ஒவ்வொருவரும் 20 நாள் படுக்கின்றனர் என்று கொண்டால், ஆண்டுக்கு 1,271,600 நோய் நாட்கள் மிச்சமாகும். நாளொன்றுக்கு ஒரு குல்டன் என்றாலும் அது பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல்; ஐந்து விழுக்காட்டு வட்டி தரும் முதலாகக் கருதினால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி குல்டன். சுகாதாரம் தருமமன்று, வருவாய் தரும் முதலீடு என்பதே அவர் வாதம்.

நகரம் செவிசாய்த்தது. கழிவுநீர்க் கால்வாய்கள் விரிந்தன. ஊரெங்கும் சிதறிக் கிடந்த இறைச்சிக் கொட்டில்களுக்குப் பதிலாக 1878-இல் பொதுக் கொட்டில் ஒன்று எழுந்தது. 1883 முதல் மாங்பால் பள்ளத்தாக்கின் தூய ஊற்றுநீர் நகருக்கு வந்தது. குடற்காய்ச்சலின் கொடுமை தணிந்தது.

வீழ்ச்சியும் பாடமும்

இத்தகைய தலைவரும் ஒன்றில் தவறினார். 1854-இல் மியூனிக்கைத் தாக்கிய வாந்திபேதியை ஆராய்ந்த அவர், அந்நோய்க்கு மண்ணும் நிலத்தடி நீர்மட்டமுமே அடிப்படை என்று முடிவு கட்டினார். குடிநீரால் அது பரவும் என்பதை ஏற்கவில்லை. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் நோய்க்கிருமியை உறுதிசெய்து, ஒரு குளத்து நீரிலும் அதனைக் கண்டார். அப்போதும் பெட்டன்கோபர் இணங்கவில்லை.

1892-இல் எல்பா ஆற்று நீரை வடிகட்டாமல் பருகிய ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிப் பருகிய அண்டை நகரான அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், 73 வயதுப் பெட்டன்கோபர், சோடா உப்பால் வயிற்றின் அமிலத்தை மாற்றிக்கொண்டு, கிருமிகள் செறிந்த நீரைத் தாமே பருகினார். இலேசான வயிற்றுப்போக்கு மட்டுமே கண்டது. தம் கொள்கை வென்றதாக அவர் கருதினார். அவரைப் பின்பற்றிப் பருகிய மாணவர் எம்மெரிக் அவரினும் கடுமையாக நோயுற்றார். துணிவு பெரிது, ஆனால் ஒருவர் பிழைத்தது 8,600 சாவுகளுக்கு விடையாகாது. அளவையே நம்பியவர், எதிர்த்தரப்பின் அளவைகளை ஏற்க மறுத்ததே அவர் வாழ்வின் துயரம்.

எனினும் நிலையம் அவரோடு வீழவில்லை. அதனை அவர் தம் கொள்கைக்குக் கோயிலாகக் கட்டவில்லை. கருவியும் கணக்கும் மாணவரும் கூடும் பட்டறையாகவே கட்டினார். ஜப்பானிய இராணுவ மருத்துவரும் பின்னாளில் பெரும் எழுத்தாளருமான மோரி ஓகாய், மியூனிக்கில் அவரிடம் பயின்றபின், அவரது எதிராளியான காக்கிடமும் பெர்லினில் பயின்றார். 1894-இல் பெட்டன்கோபர் ஓய்வு பெற, கிருமியியலில் தேர்ந்த ஹான்ஸ் புக்னர் தலைமை ஏற்றார். இன்றும் அந்நிலையம் மியூனிக்கில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே நடைபெறும் முதன்மையான ஆராய்ச்சி எதைப் பற்றியது? அவர் தனித்து நின்று நோய் செய்யாது என்று கருதிய அந்தக் கிருமிகளைப் பற்றியதே!