கட்டுவிரியன் கொண்டுவந்த சாட்சி

பாறசாலைப் பக்கம் கட்டுவிரியனுக்கு மலையாளம் பேசுகிற வீட்டில் வெள்ளிக்கெட்டன், சங்குவரையன் என்று பெயர். தமிழ் பேசுகிற வீட்டில் அது கட்டுவிரியன்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல். ரத்தக்கறை படிந்த வேட்டி நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் ‘தொண்டி’, குழித்துறையில் ‘சான்றுப்பொருள்’. ஒன்று திருவனந்தபுரம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். மற்றது தமிழ்நாட்டு ஆய்வகத்துக்கு. ஆனால் அந்தக் கறையிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தால் வரும் எண்களுக்கு எல்லை கிடையாது. அந்த எண்களுக்கு நம் நாட்டில் வழிபோட்டது கட்டுவிரியனின் பங்காளிப் பாம்பு ஒன்று.

லால்ஜி சிங் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. 1947இல் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் பிடித்துக்கொண்ட விஷயம் பாம்புகளின் குரோமோசோம்கள். பாம்பில் ஆண் எது, பெண் எது என்பதை எது தீர்மானிக்கிறது? குற்றம், போலீஸ், நீதிமன்றம் எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை. 1974இல் எடின்பரோ போனார். அங்கே, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் வகையின் டிஎன்ஏவிலிருந்து திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைப் பிரித்தெடுத்தார். பெண் பாம்பின் பால் குரோமோசோமில் அது குவிந்து கிடந்தது. பாம்பின் ஆங்கிலப் பெயரை வைத்தே அதற்குப் ‘பிகேஎம்’ என்று பெயர் விழுந்தது. ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கு எழுத்து, மறுபடி அதே நான்கு எழுத்து, மறுபடியும். குழந்தை சிலேட்டில் ஒரே சொல்லை எழுதிப் பழகுவது மாதிரி.

இதற்கிடையில், 1984 செப்டம்பர் 10 காலை, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் ஒரு எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள் மாறும் கோடுகள் அதில் இருந்தன. டிஎன்ஏ ரேகை பிறந்தது அன்று. அதை வைத்துப் பிடிபட்ட முதல் கொலையாளியின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே வழக்கில் அந்தச் சோதனை முதலில் செய்தது வேறு: குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் அப்பாவிப் பையனை விடுவித்தது. எனக்கு அதுதான் பெரிய செய்தி.

1987இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்துக்குத் திரும்பிய லால்ஜி சிங், பாம்பின் துண்டை மனித டிஎன்ஏவில் ஒட்டிப் பார்த்தார். அங்கேயும் ஆளுக்கு ஆள் மாறும் கோடுகள் எழும்பின. ஜெஃப்ரீஸ் பயன்படுத்திய டிஎன்ஏ துண்டுக்காக வெளிநாட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று ஆனது.

அது முதலில் கூண்டேறியது ஒரு கொலை வழக்கிலோ கொள்ளை வழக்கிலோ அல்ல. கேரளத்தின் வடக்கே தலச்சேரியில், தன் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு ஒரு தாய் போட்ட வழக்கு. பிள்ளை என்னுடையது இல்லை என்றார் எதிராளி. நீதிமன்றம் மூவரின் ரத்தத்தையும் ஹைதராபாத்துக்கு அனுப்பியது. பிள்ளையின் கோடுகளில் தாயிடமிருந்து வந்ததைக் கழித்தால் மிச்சம் உள்ளதெல்லாம் தகப்பனிடம் இருந்தாக வேண்டும், இருந்தது. லால்ஜி சிங்கே வந்து சாட்சி சொன்னார். 1989இல் தீர்ப்பு தாய்க்குச் சாதகமானது. பிறகு கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது: கைரேகை நிபுணர் சொல்வதை அன்றைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் கேட்கலாம் என்றால், மூலக்கூறு உயிரியலாளர் சொல்வதையும் கேட்கலாம். ஒரு பெண்ணின் சோற்றுக் கணக்கில் தொடங்கிய கதை இது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் சிதறிய உடல்களை அடையாளம் காணும் வேலை வந்தபோது அதே ஹைதராபாத் ஆய்வகத்தின் உதவி தேவைப்பட்டது.

அன்றைய முறை கதிரியக்கப் பாஸ்பரஸ், எக்ஸ்ரே பிலிம், நாள்கணக்கில் காத்திருப்பு. கணிசமான ரத்தமும் வேண்டும். இன்று பீடித் துண்டில் ஒட்டிய எச்சில் போதும். பிசிஆர் என்ற முறை அதிலுள்ள டிஎன்ஏவை லட்சக்கணக்கில் பெருக்கித் தந்துவிடும். இப்போது பார்ப்பது கோடுகளை அல்ல, எண்களை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நான்கெழுத்துச் சொல் எத்தனை முறை எழுதியிருக்கிறது? தகப்பன் தந்தது 8, தாய் தந்தது 11 என்று இரண்டு எண். இப்படி இருபது இடம் பார்த்தால் ஆள் தனித்து நிற்பார். உலகமெங்கும் ஆய்வகங்கள் படிக்கும் அந்த இடங்களில் 7ஆம் குரோமோசோமில் ஒன்று, 16இல் ஒன்று: இரண்டிலும் உள்ள சொல் ஜி, ஏ, டி, ஏ. கட்டுவிரியன் எழுதிய அதே சொல்.

இந்த வேலையில் பாதி சுத்தம் காப்பது. சில நானோகிராம் போதும் என்ற வசதியே வினையும் ஆகிறது. ஆய்வாளர் ஒரு தும்மல் போட்டால் அவரே ‘குற்றவாளி’ ஆகிவிடுவார். அதனால் டிஎன்ஏ பிரிக்கும் அறை வேறு, பெருக்கிய பிறகு கையாளும் அறை வேறு. ஊழியர்களின் எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவோடும் ஒத்துப் பார்ப்பார்கள். ஈரம் இன்னொரு பகை. ரத்தத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஆய்வகம் சேர்வதற்குள் பூஞ்சை தின்றுவிடும், அதுவும் இடவப்பாதி மழையில்.

இவ்வளவு வந்தும், இந்த எல்லையை நாடறியச் செய்த வழக்கில் டிஎன்ஏவிடம் கேட்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2022 அக்டோபர் 14 அன்று பாறசாலை இளைஞர் ஒருவர் எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் தோழியின் வீட்டில் கஷாயம் குடித்தார். அதில் பாராகுவாட் களைக்கொல்லி. பதினோராம் நாள் திருவனந்தபுரத்தில் இறந்தார். யார் வீடு, யார் கொடுத்தது என்பதில் மர்மம் இல்லை. கஷாயத்தில் என்ன இருந்தது, எந்த மனத்தோடு கொடுக்கப்பட்டது என்பதே கேள்வி. மருத்துவர்களின் சாட்சியத்தையும் கைப்பேசித் தடயங்களையும் வைத்து, 2025 ஜனவரி 20 அன்று நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை விதித்தது.