வடசென்னைத் தொழிலாளர் வாழ்வில் தமிழ்ப் பௌத்தம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சி தோன்றியது. இராயப்பேட்டையில் தொடங்கிய இவ்வியக்கம் பின்னர் வடசென்னையின் தொழிலாளர் பகுதியான பெரம்பூரில் வேரூன்றியது. பண்டிகை, திருமணம், மருத்துவம், உழைப்பு எனப் பௌத்தத்தை அன்றாட வாழ்வோடு இணைத்தது இதன் தனிச்சிறப்பாகும்.

பின்னணி

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை தொடங்கப்பட்டது. துறைமுகமும் பணிமனைகளும் பஞ்சாலைகளும் பல மாவட்ட மக்களை வடசென்னைக்கு ஈர்த்தன. அவர்களில் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டவர்கள் ஏராளம். நகரம் அவர்களுக்குக் கூலி தந்தது. ஆனால் கோயிலிலும் திருவிழாவிலும் அவர்கள் வெளியில் நிற்க வேண்டிய நிலையே தொடர்ந்தது. ஆண்டு முழுவதும் பண்டிகைகள் வந்தன. அவற்றில் தங்களுக்கு என்ன இடம் என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது.

அயோத்திதாசரின் விளக்கம்

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாச பண்டிதர் (1845–1914). கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் 1898-இல் இலங்கை சென்ற அவர், சுமங்கல தேரரிடம் பௌத்தம் தழுவினார். சென்னை திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ என்று பெயர் மாறியது.

வீட்டில் பழகிய வழக்கங்களையே அவர் தம் எழுத்துக்குப் பொருளாகக் கொண்டார். தீபாவளியை, எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைப் பௌத்தர்கள் கண்டறிந்ததன் நினைவு நாளாக விளக்கினார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அதன் தொடர்ச்சி என்றார். கார்த்திகை விளக்கை ஆமணக்கு எண்ணெயோடு இணைத்தார். அம்மை நோய்க்கு வேப்பிலை பயன்படுத்துவதை ஒரு பௌத்தப் பெண் துறவியின் மருத்துவ அறிவாகக் கண்டார்.

இவை வரலாற்றுச் சான்றுகளால் நிறுவப்பட்டவை அல்ல. சொற்பொருள், செவிவழிக் கதை, பழைய நூல்கள் ஆகியவற்றைக் கொண்டு அவர் செய்த மறுவாசிப்புகள். எனினும் அவற்றின் சமூகப் பொருள் பெரிது. எண்ணெயும் வேப்பிலையும் குடிசையிலும் உள்ளவை. பண்டிகையின் மையத்தில் அவை வந்தபோது, அவற்றைப் பயன்படுத்தும் மக்களும் விழாவுக்கு உரியவர் ஆயினர். அயலார் என ஒதுக்கப்பட்டவர்கள் இம்மண்ணின் பழைய அறிவுக்கு வாரிசுகள் என்ற எண்ணம் பிறந்தது.

சங்கங்களும் சடங்குகளும்

சங்கத்தினர் வாரந்தோறும் கூடிச் சொற்பொழிவு கேட்டனர். பெயர் சூட்டல், திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பௌத்த முறையில் நடத்தினர். புரோகிதர் வராத வீடுகளில் பஞ்சசீலம் ஒலித்தது. பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் வழியாக இவ்வியக்கம் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வரை பரவியது. அயோத்திதாசர் மறைந்த பின் பெரம்பூர் இதன் முக்கிய மையங்களுள் ஒன்றாயிற்று.

அறிவியலும் உழைப்பும்

பேராசிரியர் பி. லட்சுமி நரசுவும் ம. சிங்காரவேலரும் பௌத்தத்தைப் பகுத்தறிவு நெறியாக விளக்கினர். நரசுவின் ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற ஆங்கில நூல் 1907-இல் வெளிவந்தது. 1948-இல் அதன் மறுபதிப்புக்கு டாக்டர் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் (1860–1946), மகாபோதி சங்கப் பணிகளில் ஈடுபட்டதோடு டார்வினின் பரிணாமக் கொள்கையையும் மக்களிடம் எடுத்துரைத்தார். பின்னர் பொதுவுடைமை நோக்கி நகர்ந்து, 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். துக்கத்திற்குக் காரணம் உண்டு, அதை நீக்க வழியும் உண்டு என்பது பௌத்தத்தின் அடிப்படை. தொழிலாளியின் பசிக்கும் காரணம் உண்டு என்று தேடியது அவரது அடுத்த படியாக அமைந்தது.

இன்று

2005-இல் அயோத்திதாசருக்கு இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. துறைமுகத்தை ஒட்டிய இராஜாஜி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் இவர்களின் பௌத்தப் பணி பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. தீபாவளி நாளில் எண்ணெய் தேய்க்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாற்று வழக்கு உண்டு என்பதையும், அதை நடத்தியவர்கள் உழைக்கும் மக்கள் என்பதையும் மாணவர்கள் அறிவது பயனுடையதாகும்.