சூப் எப்போது கெட்டியானது?

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று பட்டியல் போட்டால் கட்டுமரமும் சுருட்டும் முதலில் வரும். அடுத்ததாக யாராவது மிளகுத்தண்ணியைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் வாயில் ‘முல்லிகடானி’ என்று உருண்டு, இன்றைக்கும் இங்கிலாந்தில் டின்னில் அடைத்து விற்கிற சூப். பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம். மிளகுத்தண்ணி என்றால் தண்ணியாகத்தானே இருக்கணும்? பேரே அதுதான். ஆனால் டின்னைத் திறந்தால் வருவது கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் கெட்டிச் சாறு. இதைக் கெட்டியாக்கியது யார்? எதைப் போட்டு? எதற்காக?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அடுப்பிலிருந்து வந்தது. ஈசூனில் எங்கள் வீவக வீட்டில் மழை பெய்கிற இரவுகளில் நான் காய்கறி சௌடர் வைப்பேன். உருளைக்கிழங்கு, கேரட், சோளமுத்து, கொஞ்சம் பீன்ஸ். எந்தச் சமையல் குறிப்பைப் பார்த்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘கிரீம் சேர்க்கவும்’. நான் படித்தது வேதிப் பொறியியல். ஒரு பொருளைச் சேர் என்றால் அது உள்ளே போய் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பழகிவிட்டது. கிரீம் செய்கிற வேலையை வேறு எவையெல்லாம் செய்திருக்கின்றன என்று தேடப்போய், ஒரு கிண்ணம் சூப்புக்குள் கப்பல், சிறை, கிளப், மாட்டுத்தொழுவம் எல்லாம் கிடைத்தன.

முதலில் சௌடர். இது வட அட்லாண்டிக் கடற்கரையில் மீனவர்களும் மாலுமிகளும் வைத்த சாப்பாடு. கப்பலில் என்ன இருக்கும்? உப்புப் போட்ட பன்றிக்கறி, பிடித்த மீன், வெங்காயம், கல் மாதிரி காய்ந்த கப்பல் பிஸ்கட். இவற்றை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் பிஸ்கட் ஊறிக் கரைந்து சாறு கெட்டியாகும். 1751இல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் செய்யுள் வடிவில் அச்சான குறிப்பைத்தான் அமெரிக்காவின் மிகப் பழைய சௌடர் குறிப்பு என்கிறார்கள். அதில் பாலே கிடையாது. பாலும் உருளைக்கிழங்கும் பிறகு வந்து சேர்ந்தவை. ஆக, சௌடரின் கெட்டிக்கு ஆரம்பக் காரணம் ஆடம்பரம் இல்லை. பல்லை உடைக்கிற பிஸ்கட்டை எப்படியாவது தின்றாக வேண்டிய கட்டாயம்.

மிளகுத்தண்ணிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் அந்தச் சொல் அச்சேறியதற்குக் கிடைக்கும் பழைய சான்று 1784இல் வெளிவந்த ஒரு பாட்டு. இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலியிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கடற்படைக்காரர் ஒருவர் எழுதியது. பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியும் குடித்துக் கிடக்கிறோமே என்ற புலம்பல். யூலும் பர்னலும் 1886இல் கொண்டுவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியில் இந்தப் பாட்டு எடுத்துக்காட்டாக இருக்கிறது. நாம் பெருமைப்படும் சொல் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது அதன் பொருள் ‘கைதிக்குப் போடுகிற சோறு’. அதே அகராதி இன்னொன்றும் சொல்கிறது: சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களை மற்ற மாகாணத்துக்காரர்கள் ‘மல்’ என்று கூப்பிட்டார்கள். முல்லிகடானியின் முதல் எழுத்துகள்.

கெட்டியாக்கியது யார் என்பதற்கு வாக்குமூலமே இருக்கிறது. சென்னையில் ராணுவ அதிகாரியாக இருந்த கென்னி-ஹெர்பர்ட், ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைப் பிரித்துக் காட்டிவிட்டு அவர் சொல்வதன் சாரம் இது: உள்ளூர் ஏழைகள் குடிப்பது வெறும் மிளகு நீர். ஆங்கிலேயர்கள் அதில் கோழி, ஆட்டுக்கறி, மற்ற மசாலாக்களைச் சேர்த்து, மாவும் வெண்ணெயும் போட்டுக் கெட்டியாக்கி, ஒரு நல்ல சூப்பாக உயர்த்தினார்கள். மெலிந்த சூப், கொழுத்த சூப் என்று இரண்டுக்கும் பிரெஞ்சுப் பெயர் வேறு.

படித்ததும் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது யோசனை வந்தது. அவர்களுக்கு ஏன் அந்தக் கெட்டி தேவைப்பட்டது? ரசத்துக்குக் கீழே சோறு இருக்கிறது. உடம்பு சோற்றில், உயிர் ரசத்தில். ஆங்கிலேய விருந்தில் சூப் தனித்தட்டில் முதல் ஆளாக வருகிறது, அடியில் சோறு இல்லை. அப்போது சாறே உடம்பையும் சுமக்கணும். அதனால் மாவு. இது சமையல் தர்க்கம், எனக்கு உடன்பாடுதான். ஆனால் கெட்டியானது உயர்ந்தது, தண்ணியானது ஏழையுடையது என்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்த தீர்ப்பு சமையல் தர்க்கம் இல்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த மாவை வெண்ணெயில் வறுத்தது வைவர்னின் கை மட்டுமில்லை. சென்னை பங்களாக்களின் அடுப்படியில் நின்ற நம்மூர் ஆட்களின் கையும்தான்.

கெட்டி என்றால் சத்து என்ற எண்ணம் சிங்கப்பூரில் வேறு வழியாக வளர்ந்தது. பால் வழியாக.

தேக்காவில் இறங்குபவர்கள் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற பெயரைக் கவனித்திருப்பீர்கள். மலாயில் எருமைத் தொழுவம். மருத்துவமனைக்கு அந்தப் பேர், பக்கத்தில் எருமைச் சாலை, கொஞ்சம் தள்ளி கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த பெலிலியோஸின் பெயரில் ஒரு சாலை. தண்ணீரும் புல்லும் கிடைத்த சிராங்கூன் சாலை வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரத்தின் மையம். தமிழர்களும் வட இந்தியர்களும் மாடு வைத்திருந்தார்கள், வீடு வீடாகப் பால் ஊற்றினார்கள். பால்காரர் என்றாலே தண்ணீர் கலப்பவர் என்ற புகாரும் கூடவே நடந்தது. 1930களுக்குப் பிறகு மாடுகள் அந்த வட்டாரத்தை விட்டுப் போயின. ஏறக்குறைய அதே காலத்தில் புக்கிட் தீமா மலையடிவாரத்தில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் ஃப்ரீஷியன் மாடுகளைக் கொண்டுவந்து பண்ணை வைத்தது. டெய்ரி ஃபார்ம் என்று அந்த இடத்துக்கு இன்றும் பேர்.

பண்ணைப் பால் எல்லாருக்கும் எட்டக்கூடியதில்லை. வெயிலில் சீக்கிரம் கெட்டும் போகும். அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் டின்பால். 1856இல் கெயில் போர்டன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது, பாலிலிருந்து தண்ணீரை இழுத்து எடுக்கும் முறைக்கு. சர்க்கரை சேர்த்தால் மாதக்கணக்கில் கெடாது. பால்காரர் கொண்டுவருவது தண்ணிப்பால், டின்னில் வருவது கெட்டிப்பால். எதை நம்புவீர்கள்? என் அப்பாயி கடைசி வரைக்கும் டின்பாலைத்தான் ‘நல்ல பால்’ என்பார். “ஊத்துனா நூலு மாதிரி எறங்கணும்ப்பா, அதுதான் பாலு.”

அந்த நூலில் பெரும்பகுதி சர்க்கரை. மலிவான டின்களில் கொழுப்பு நீக்கிய பால்தான் இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், அப்படிக் கொடுக்கலாம் என்று விளம்பரமும் செய்தார்கள். ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் புரதக் குறைவால் வரும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர், அப்போது சிங்கப்பூரில் பணியில் இருந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ஓர் உரை ஆற்றினார். தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் தாய்ப்பாலை விட்டு இந்தப் பாலுக்கு மாறிச் செத்துப்போன குழந்தைகளின் சாவைக் கொலை என்றே சொல்லணும் என்றார். இந்த ஊரில், கிளப்பில் உட்கார்ந்திருந்த வியாபாரப் பெரியவர்கள் முன்னால். மூன்று வருடத்தில் ஜப்பானியர்கள் வந்தார்கள், அவர் சாங்கி சிறைக்குப் போனார். எங்கள் பள்ளிப் பாடத்தில் சாங்கி இருந்தது, இந்த உரை இல்லை.

கெட்டியாக இருப்பதெல்லாம் சத்து இல்லை. ஒரு சமையல் குறிப்பின் கடைசி வரியில் தொடங்கிய தேடலில் இவ்வளவு பெரிய விலை கொடுத்த உண்மை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டின்பாலின் கதை அதோடு முடியவில்லை. சர்க்கரை இல்லாத ஆவியாக்கிய பால் பின்னால் வந்தது. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் படைமுகாம்களிலும் சமைத்த ஹைனானியர்கள் கிரீம் சூப்பைக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஈசூனுக்குப் பக்கத்தில், செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின, சூப் தங்கிவிட்டது. காப்பிக்கடைகளின் வெஸ்டர்ன் ஃபூட் கடைகளில் இன்றும் காளான் சூப் கிடைக்கும். மீன் பீஹூன் சூப் வாங்கினால் “பால் போடவா?” என்பார் கடைக்காரர். அவர் கையில் இருப்பது ஆவியாக்கிய பால் டின். சில டின்களின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கும்.

இப்போது என் அடுப்புக்கு வருகிறேன். கிரீம் என்பது என்ன? தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்கும் பால்மம். தேங்காய்ப்பாலும் அதேதான். இந்தக் கெட்டியை மாவில்லாமல், டின்னில்லாமல் சாதித்த ஒரு காய்கறிச் சாறு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: திருநெல்வேலிச் சொதி. கல்யாணத்துக்கு அடுத்த மறுவீட்டு விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது. யாழ்ப்பாணத்துச் சொதி மஞ்சளும் வெந்தயமும் போட்டு, இடியப்பம் நனையும் அளவுக்கு இளகலாக இருக்கும். நெல்லைச் சொதி பாசிப்பருப்போடு கெட்டியாக நிற்கும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சண்டை இருக்கட்டும். ஜாவாக்காரர்களின் சாயூர் லோடேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய், தேங்காய்ப்பால், மிளகாய். லொந்தோங் சாப்பிடும்போது எனக்குச் சொதி ஞாபகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

சொதியின் அறிவு அதன் வரிசையில் இருக்கிறது. தேங்காயை மூன்று தடவை பிழிவார்கள். தண்ணியான மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும். கெட்டியான முதல் பால் கடைசியில், நுரைகட்டியதும் அடுப்பு அணையும். காரணம் எளிது. தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைப் பிரித்து வைத்திருப்பது கொஞ்சம் புரதம். கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் திரளும், எண்ணெய் தனியே மிதக்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் விடுவதும் இதற்காகத்தான். பால்மம் என்ற சொல்லைக் கேள்விப்படாத ஆச்சிகள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள்.

நான் செய்வது சௌடரும் சொதியும் கலந்தது. இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒரு சோளக்கதிரின் முத்துகள், ஒரு கை பீன்ஸ். மூன்று தேக்கரண்டி பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைப்பேன். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை. காய்களைப் போட்டு இரண்டு கோப்பைத் தண்ணிப் பாலில் வேகவிடுவேன். வெந்ததும் உருளையில் பாதியை மட்டும் கரண்டியால் மசிப்பேன். கிழங்கின் மாவுச்சத்து வெந்து உப்பிச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும், கப்பல் பிஸ்கட் செய்த வேலை அதுதான். பருப்பைச் சேர்த்து உப்பு. தீயைக் குறைத்து ஒரு கோப்பைக் கெட்டிப்பால், ஓரத்தில் நுரை வந்ததும் நிறுத்தம். கொஞ்சம் நுணுக்கிய மிளகு, அரை மூடி எலுமிச்சை. ஈரச்சந்தையில் துருவிய தேங்காய் வாங்க நேரமில்லாத நாளில் ஐயாம் பிராண்ட் பொட்டலம். பாதியைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணிப் பால், மீதி கெட்டிப்பால். அந்த நிறுவனமே 1892இல் அல்ஃப்ரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கியதுதான். லேபிளில் சேவல் இருந்ததால் மக்கள் மலாயில் ‘ஐயாம்’ என்றார்கள், அதுவே பெயராக நின்றது.

அலுவலக நண்பர் ஒருவர் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு “இது இந்தியனா, வெஸ்டர்னா?” என்று கேட்டார். எந்த வார்த்தையும் சரியாகப் பொருந்தவில்லை. “உருளைக்கிழங்கு, பருப்பு, தேங்காய்” என்று மட்டும் சொன்னேன். எது கெட்டியாக்குகிறது என்று சொல்லிவிட்டால் அது யாருடைய சூப் என்பதை அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.