மர வாள்

முதல் நாள் என் கையில் கொடுத்தது வாள் அல்ல, கட்டை. வெள்ளை ஓக் மரத்தில் செதுக்கியது, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ‘பொக்குத்தோ’ என்கிறார்கள். டோக்கியோவுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் ஊரின் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் வாரம் ஒருநாள் இரவு வகுப்பு. சாமுராய் படங்கள் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மாதத்தில் வாளைச் சுழற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் போனேன். முதல் மூன்று வாரமும் அதைப் பிடிக்க மட்டுமே கற்றுக்கொண்டேன்.

வலக்கைக்காரனுக்கு இந்தப் பிடி ஓர் அவமானம். பிடியின் அடியில் இருக்கும் இடக்கைதான் வெட்டுகிறது. வலக்கை வழிகாட்டுவதோடு சரி. சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுகியிருக்க வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்ந்திருக்க வேண்டும். வெட்டு இறங்கி முடியும் கணத்தில் மட்டும் ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கையும் உள்நோக்கி முறுக வேண்டும். இடது முஷ்டி தொப்புளுக்கு முன்னால், வாளின் நுனி எதிராளியின் தொண்டையைப் பார்த்தபடி. இந்த நிலைக்கு ‘சூடான்’ என்று பேர். வலது கால் முன்னே, இடது குதிகால் லேசாக எழும்பி இருக்கும். நடக்கும்போது பாதத்தைத் தூக்கக் கூடாது, தரையோடு இழைக்கணும்.

அதற்குப் பிறகுதான் வெட்டு. முதலில் உச்சந்தலைக்கு நேராக இறங்கும் வெட்டு. அடுத்தது ‘கெசாகிரி’, தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்காக இறங்குவது. கெசா என்பது புத்த பிக்குகளின் மேலாடை. சமஸ்கிருதத்தின் ‘காஷாயம்’ சீனம் வழியாகப் போய் இப்படித் தேய்ந்திருக்கிறது. நம்மூரில் காவித்துணிக்குச் சொல்லும் அதே சொல். பிக்குவின் உடம்பில் அந்தத் துணி விழும் கோட்டில் இந்த வெட்டு விழுகிறது. துறவியின் உடுப்பை வைத்து ஆளைப் பிளக்கும் வெட்டுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

இதை அப்பத்தாவிடம் வீடியோ காலில் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“சப்பான்காரன் வாளா?”

“ஆமா அப்பத்தா.”

“யார வெட்டப் போற?”

அப்பத்தா பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கு ஏழு வயது இருக்கும்போது அவருடைய அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். 1942இலும் 1943இலும் போட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். திரும்பாதவர்களில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. தோட்டத்துக்கு வந்த அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாள் அப்பத்தாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முகம் ஞாபகமில்லையாம்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் வகுப்பில் இருபது பேர் வரிசையாக நிற்போம். ‘இச்சி, நி, சான்’ என்று எண்ண எண்ண, எண்ணுக்கு ஒரு வெட்டு. இதுதான் ஆதிகாலப் பயிற்சி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பழைய வாள் மரபுகளில் அடிப்படை என்பது இருவர் எதிரெதிரே நின்று செய்யும் ‘கத்தா’தான். வரிசையும் எண்ணிக்கையும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை.

1588இல் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார். 1876இல் மெய்ஜி அரசு சாமுராய்களின் இடுப்பிலிருந்தும் இறக்கியது. ராணுவத்தாரும் போலீஸும் தவிர யாரும் பொதுவில் அணியக் கூடாது என்றாயிற்று. அதற்குள்ளாகவே வாள்வித்தை சோத்துக்கு வழியில்லாத தொழிலாகிவிட்டது. ஸகாகிபாரா கென்கிச்சி என்ற ஆசான் 1873இல் டோக்கியோவில் சர்க்கஸ்போல டிக்கெட் போட்டு வாள்சண்டைக் காட்சி நடத்தினார்.

அதை மீட்டது போலீஸ். 1877 ஸத்ஸுமா கலகத்தில் வாளேந்திய போலீஸ் படை நன்றாகச் சண்டையிட்டதால், டோக்கியோ போலீஸ் தலைவர் கவாஜி தொஷியோஷி தன் ஆட்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுவந்தார். 1895இல் கியோத்தோவில் தற்காப்புக் கலைகளுக்கென ஒரு பெரிய சங்கம் உருவானது. 1911இல் வாள்பயிற்சி நடுநிலைப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. ஒரு வாத்தியார், ஒரு மைதானம், நிறையப் பையன்கள் என்றால் வரிசைதானே வழி? அந்தப் பையன்களில் பலர் பிறகு ராணுவத்துக்குப் போனார்கள். 1925இல் ராணுவத்தின் தொயாமா பள்ளி அதிகாரிகளுக்கென்றே தனி வெட்டுமுறை வகுத்தது. 1937இல், நான்ஜிங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இரண்டு இளம் அதிகாரிகளில் யார் முதலில் வாளால் நூறு பேரைக் கொல்வது என்று போட்டி நடப்பதாக டோக்கியோ நாளிதழ் ஒன்று விளையாட்டுச் செய்திபோல எழுதியது. செய்தியில் எவ்வளவு உண்மை என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதைப் பெருமையாக அச்சிட்டதில் சந்தேகமில்லை.

1945இல் தோற்றதும் பள்ளிகளில் வாள்பயிற்சி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு கியோத்தோ சங்கம் கலைக்கப்பட்டது. வீட்டு வாள்களை அமெரிக்கப் படை லாரி லாரியாக அள்ளியது. 1952இல் புதிய சம்மேளனம் வந்தபோது, இது விளையாட்டு, ஒழுக்கப் பயிற்சி என்று சொல்லித்தான் உள்ளே வர முடிந்தது. என் நகராட்சிக் கூடம் அந்த ஏற்பாட்டின் பிள்ளை.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. கட்டை அலமாரியில் கிடந்தது. மறுபடி போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, உடம்பு கேட்டது. அன்றைக்கு சென்சே முதல் கத்தாவை ஆரம்பித்தார்.

1912இல் தொகுத்த கத்தாக்கள் பத்து. ஏழு நீள வாளுக்கு, மூன்று குட்டை வாளுக்கு. ஒவ்வொன்றிலும் ஒருவர் ‘உச்சிதாச்சி’, முதலில் தாக்குபவர். மற்றவர் ‘ஷிதாச்சி’. முதல் கத்தாவில் இருவரும் வாளைத் தலைக்குமேல் உயர்த்தி நெருங்குகிறார்கள். உச்சிதாச்சி முழு மூச்சோடு வெட்டுகிறார். ஷிதாச்சி ஓரடி பின்வாங்க, வெட்டு காற்றில் போகிறது. அடுத்த கணம் ஷிதாச்சியின் வாள் அவர் தலைக்கு வந்து, தொடாமல் நிற்கிறது. எப்போதும் ஷிதாச்சிதான் ஜெயிக்க வேண்டும். மூத்தவர், ஆசிரியர், உச்சிதாச்சியாகத்தான் நிற்பார். தான் எங்கே திறந்துகொள்கிறோம் என்று காட்டிக்கொடுப்பதுதான் அவர் வேலை.

சென்சேக்கு எழுபது தாண்டியிருக்கும். என் கட்டை அவருடைய நரைத்த தலைக்கு ஒரு சாண் மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. “இன்னும் கிட்ட வரலாம்” என்றார். மறுபடி செய்தோம். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

அப்பத்தாவிடம் மட்டும் அன்று இரவு சொன்னேன்.

“அப்ப யாருதான் ஜெயிக்கிறா?”

“கத்துக்கிறவன்.”

“சொல்லிக்குடுக்குறவன்?”

“தோத்துக்கிட்டே இருக்கணும் அப்பத்தா. அதான் மொறையாம்.”

“சப்பான்காரனா?” என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு, சாப்பிட்டாச்சா என்றார்.