ஊட்டி, கொடைக்கானல் பழைய பங்களாக்களில் அடைத்துக் கிடக்கும் புகைபோக்கி: மறுபடி தீ மூட்டும் முன் என்ன பார்க்கணும்?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் ஆங்கிலேயர் காலத்து பங்களாக்கள் பலவற்றில் ஹாலில் மட்டுமல்ல, படுக்கையறையிலும் கணப்பு அடுப்பு இருக்கும். ஹீட்டர் வந்ததும் சிலர் அதைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், சிலர் அலமாரியாக்கினார்கள். இப்போது அதே வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குபவர்களுக்கு மறுபடி விறகு போட்டு எரிக்க ஆசை. அடுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சுவருக்குள் புகை போகும் குழாய் எந்த நிலையில் இருக்கிறது?

அடுப்பு எத்தனை, குழாய் எத்தனை?

வழக்கமாக ஒவ்வொரு அடுப்புக்கும் தனிக் குழாய் உண்டு. வெளியே ஒரே புகைபோக்கியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு, மூன்று குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். அதனால் முதலில் கூரைக்கு மேலே தெரியும் வாய்களை எண்ணுங்கள். பிறகு வீட்டுக்குள் அடுப்புகளை எண்ணுங்கள். வாய்கள் அதிகமாக இருந்தால், ஏதோ ஒரு அடுப்பு பூச்சுக்குப் பின்னால் புதைந்திருக்கலாம். சுவரில் காரணமில்லாமல் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைத் தட்டிப் பாருங்கள், 'டொக்'கென்று வெற்றிடச் சத்தம் வரலாம். வாய்கள் குறைவா? கூரை மாற்றியபோது மேல்பகுதியை இடித்து, மேலே தகரம் போட்டு மூடியிருக்கக்கூடும். இதுதான் மோசம். கீழிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

அப்படியே எரித்தால் என்ன ஆகும்?

குழாய்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய செங்கல் தடுப்புதான். பல வருட புகையும் ஈரமும் சுண்ணாம்புக் காரையை அரித்துவிடும். கீழே ஹாலில் தீ மூட்டினால், விரிசல் வழியாக மாடியில் தூங்குபவரின் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு போகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகச் சேரும். தலைவலி, குமட்டல், மயக்கம்தான் அறிகுறி. மலைக்குளிரில் வந்த அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

எப்படிச் சோதிப்பது?

'ஒரு பேப்பரைக் கொளுத்திப் பார்ப்போம்' என்பது வேண்டவே வேண்டாம். உள்ளே படிந்த கரியோ பறவைக்கூடோ பற்றிக்கொள்ளும். குழாய்கள் வளைந்து போவதால், டார்ச் அடித்து வானம் தெரியவில்லை என்பதால் மட்டும் அடைப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. நீளக் கம்பிக் கேமராவை விட்டுப் பார்ப்பதே தெளிவு. கரியை முழுக்கச் சுத்தம் செய்த பிறகு, விவரம் தெரிந்தவரை வைத்துப் புகைச் சோதனை செய்யலாம். அப்போது ஒவ்வொரு அறையிலும், கூரைக்கடியிலும் ஒரு ஆள் நிற்கணும். எங்காவது புகை கசிந்தால், உள்ளே ஸ்டீல் குழாய் இறக்கும் வரை அந்த அடுப்பைத் தொடக் கூடாது.

எரிக்கப் போவதில்லை என்றால்?

மூடியே வைக்கலாம், ஆனால் காற்று போகணும். கீழே சின்ன ஜன்னல் சல்லடை, மேலே மழைத் தொப்பி. இரண்டு பக்கமும் இறுக அடைத்தால் ஈரம் தங்கி, பூச்சில் பழுப்புக் கறை இறங்கும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். இடம் கிடைக்குமே என்று துருத்திய சுவரை இடிக்கும் முன் பொறியாளரைக் கேளுங்கள். மேலே உள்ள புகைபோக்கியின் மொத்த எடையும் அதன் மேல்தான் நிற்கிறது.

அடைத்த அடுப்புக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வதும் ஆபத்துதான். கரி நன்றாகக் கனன்றால் புகை தெரியாது, வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். மூடிய அறையில் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இறந்த செய்திகள் கொடைக்கானலில் இருந்தே வந்திருக்கின்றன. தீ எரியும் வீட்டில், படுக்கையறைதோறும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுவது அவசியம். புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.