வச்சிரமும் வெண்பசையும்: இந்திய ஒலிபெருக்கிப் பெட்டியின் மூட்டு வரலாறு

வராகமிகிரர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் பசைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 'வஜ்ரலேபம்' என்பது அதன் பெயர். காய், பட்டை, பிசின் ஆகியவற்றைக் காய்ச்சிச் செய்யும் கலவைகளோடு, கொம்பும் தோலும் சேர்ந்த கலவையொன்றையும் அது கூறுகிறது. கோயிலுக்கும் படிமத்துக்கும் உரியதாகச் சொல்லப்பட்ட அந்தப் பெயர் பின்னாளில் தச்சுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்த் தச்சர்கள் விலங்குப் பசையை 'வச்சிரம்' என்றனர். வடநாட்டுப் பட்டறைகளில் அது 'சரேஸ்'.

சரேஸ் கொழுப்பிலிருந்து செய்யப்பட்டது என்று பல கட்டுரைகள் எழுதிவருகின்றன. அது பிழை. கொழுப்பு ஒட்டாது, ஒட்டுவதைக் கெடுக்கும். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதமே அந்தப் பசையின் உயிர். சந்தையில் கிடைத்த கட்டிகளை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்ய வேண்டும். பின்னர் ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். பூசிய பசை ஆறினால் கூழாக உறையும். ஆகவே பலகைகளைச் சேர்ப்பதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். நாற்றமோ பட்டறை முழுவதும் நிறைந்திருக்கும். ஆயினும் அதற்கு இரண்டு நற்குணங்கள் இருந்தன. உலர்ந்தபின் அது கண்ணாடிபோல் இறுகும். சுமை தாங்கி நின்றாலும் மூட்டு மெல்ல வழுகாது. வெப்பமும் ஈரமும் காட்டினால் மீண்டும் இளகி, மரத்தைச் சிதைக்காமல் பிரிந்துவிடும்.

இந்த இரண்டாம் குணமே இந்தியப் பருவமழையில் பகையாயிற்று. வால்வு வானொலிகளின் காலத்தில் மர்ஃபி, ஃபிலிப்ஸ், எச்.எம்.வி. முதலிய நிறுவனங்களின் மரப்பெட்டிகள் நடுத்தர வீடுகளின் கூடத்தை அலங்கரித்தன. ஒட்டுப்பலகையாலான உடலின் மேல் மெல்லிய அலங்கார மரத்தோல் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே வால்வுகளின் சூடு, வெளியே ஆனி ஆடி மாதங்களின் ஈரம். ஆண்டுதோறும் இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட விலங்குப் பசை இளகியது, பூஞ்சையும் பிடித்தது, விளிம்புகளில் மரத்தோல் சுருண்டு எழுந்தது. எனினும் ஒலிக்கு இதனால் பெரிய கேடில்லை. அப்பெட்டிகளின் முதுகுப்புறம் காற்றுத் துளைகளுடன் திறந்தே இருந்தது. மூட்டில் மயிரளவு இடைவெளி விழுந்தாலும், பலகை அதிர்ந்து கரகரக்காத வரையில் எவரும் பொருட்படுத்தவில்லை.

நிலைமையை மாற்றியது 1954ஆம் ஆண்டு. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் முற்றிலும் மூடிய சிறு பெட்டியொன்றை வடிவமைத்தார். கூம்பின் இழுவிசைக்குப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தியது அவ்வடிவம். அலமாரி அளவிலான பெட்டிகள் தந்த தாழ்ந்த சுருதியை ஒரு மேசைப் பெட்டி தந்தது. ஆனால் அந்தச் சுருள்வில் காற்றால் ஆனது. எங்கேனும் கசிந்தால் தாழ்சுருதி மெலியும். கசியும் இடமே சீறும். மூட்டு என்பது அதுவரை தச்சனின் கவலை. அன்று முதல் ஒலியியலின் கவலையும் ஆயிற்று.

ஐந்தாண்டுகளில், இதனோடு எவ்விதத் தொடர்பும் இன்றி, பம்பாயில் பல்வந்த் பரேக் ஃபெவிகாலை அறிமுகப்படுத்தினார். அதன் அடிப்படையான பாலிவினைல் அசிட்டேட் 1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பொருள். நீரில் விரவிய வெண்ணிறக் குழம்பு. அடுப்பு வேண்டாம், நாற்றம் இல்லை, அவசரம் இல்லை. இப்பசையின் வெற்றியை விளம்பரத்தின் வெற்றியாகக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது. விளம்பரங்கள் புகழ்பெற்றது பல ஆண்டுகள் கழித்தே. தொடக்கத்தில் நிறுவனம் கடைக்காரரை விடுத்துத் தச்சரை நேரே நாடியது. தச்சரும் அடுப்பை அணைக்கக் காரணம் கிடைத்தது என்று மகிழ்ந்தார். வெற்றியின் பெரும்பகுதி அந்த அணைந்த அடுப்பில் இருக்கிறது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970களிலும் 80களிலும் இந்த இரு வரலாறுகளும் சந்தித்தன. டெல்லியின் பழைய சந்தைகளிலும் பம்பாயின் லாமிங்டன் சாலையிலும் ஒலிபெருக்கியை மட்டும் வாங்கி, பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொள்வது இசை ஆர்வலரின் வழியாயிற்று. தேக்கு அழகானது, ஆனால் முழுமரம் ஈரத்துக்கேற்ப இழைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும், ஒட்டிய மூட்டைப் பிளக்கும். இழைகள் மாறிமாறி அடுக்கப்பட்ட ஒட்டுப்பலகைக்கு அந்த அலைச்சல் மிகக் குறைவு. அதன் வெட்டுமுனையோ பசையை உறிஞ்சிக் குடித்துவிடும். ஆகவே முதற்பூச்சை ஊறவிட்டு மறுபூச்சு இட வேண்டும். மூலைகளின் உட்புறத்தில் சதுரச் சட்டங்களை ஒட்டித் திருகினால் ஒட்டும் பரப்பு பெருகும். பசையில் மரத்தூளைக் குழைத்து உள்மூட்டு நெடுகத் தடவுவது காற்றை அடைக்கும் எளிய உபாயம். இறுக்குக் கருவிகள் போதாத பட்டறையில் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் குச்சியைச் செருகி முறுக்கினர். வெண்பசை நீரை இழந்தே இறுகுவதால், மழைக்காலத்தில் அந்தக் கயிற்றை மறுநாள் வரை அவிழ்க்கலாகாது. பொறுமையற்ற வாடிக்கையாளருக்குக் கிடைத்தது சீறும் பெட்டி.

சுமை நெடுங்காலம் அழுத்தினால் வெண்பசை மெல்ல வழுகும் என்ற குறை பெட்டியில் தெரியவில்லை. அங்கே மூட்டுக்குச் சுமை குறைவு. குறை தெரிந்தது பழுதுபார்க்கும்போதுதான். பழைய மூட்டின்மேல் புதிய விலங்குப் பசையைப் பூசினால், அது பழையதோடு இளகிக் கலந்து ஒன்றாகும். உலர்ந்த வெண்பசைமேல் எதுவும் நன்றாகப் பற்றாது. அதைச் சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும். இன்று வால்வு வானொலிகளைச் செப்பனிடுவோர் இவ்விரு பசைகளையும் ஒரே பெட்டியில் காண்பது அரிதன்று. முதல் தச்சர் வைத்த மூட்டு வெந்நீர்த் துணிக்கு இணங்கிப் பிரிகிறது. இடையில் யாரோ நல்லெண்ணத்துடன் வெண்பசை இட்டுச் சரிசெய்த மூட்டை உளியால் பிளக்க வேண்டியிருக்கிறது. மரத்தோலின் ஒரு துண்டு அதனோடு உடைந்து வருகிறது.