சாவித் துவாரத்தின் சரித்திரம்

பழைய கார்களைப் பேணி வைத்திருப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்துபோய், ஒரு நாள் பிடித்தும் மறுநாள் பிடிக்காமலும் சண்டித்தனம் செய்யத் தொடங்கிவிட்டால், அதே மாதிரிச் சுவிட்சைத் தேடி அலையாமல், டேஷ்போர்டில் துளையிட்டு இரண்டு டாகிள் சுவிட்சுகளையும் ஒரு புஷ் பட்டனையும் பொருத்திவிடுவார்கள். ஒரு டாகிள் இக்னிஷனுக்கு, மற்றது இதர மின்சாதனங்களுக்கு, பட்டன் செல்ஃபுக்கு. பார்ப்பவர்கள் இதைப் பட்டறைக்காரனின் ஒட்டுவேலை என்று இகழ்வதுண்டு. ஆனால், இம்மூன்று காரியங்களையும் ஒரே சாவித் துவாரத்துக்குள் அடைத்ததுதான் பிற்காலத்து நூதனம் என்பதையும், அவை தனித்தனியே இருந்ததே பூர்விக முறை என்பதையும் அறிந்தவர்களுக்கு அந்த இகழ்ச்சி தோன்றாது.

ஆதியில் சாவியும் இல்லை, பட்டனும் இல்லை. 1886ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியை ஓட்ட விரும்புகிறவர், அதன் பின்புறத்தில் படுக்கைவசமாக அமைந்திருந்த பெரிய சுழல் சக்கரத்தைக் கையால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். பிறகு மாக்னெட்டோ வந்தது. பாஷ் கம்பெனியின் பொறியாளர் ஹோனோல்ட் 1902ல் செய்து முடித்த உயர் மின்னழுத்த மாக்னெட்டோ, பேட்டரியின் தயவின்றித் தானே பொறியை உண்டாக்கிற்று. அதற்குரிய சுவிட்ச் நாம் அறிந்த சுவிட்சுகளுக்கு நேர் விரோதமான குணமுடையது: இணைப்பை மூடினால் மின்சாரம் வண்டியின் உடலுக்குள் இறங்கி யந்திரம் நின்றுவிடும்; திறந்தால்தான் ஓடும். விமானங்களில் பிஸ்டன் யந்திரங்களுக்கு இன்றும் பெரும்பாலும் அதே முறைதான்.

ஃபோர்டின் மாடல் டி வண்டியை எழுப்புவது எத்தகைய வித்தை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட அந்த வண்டியில், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் நான்கு காயில்களை அடக்கிய மரப்பெட்டி ஒன்று உண்டு. அதன் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் பேட்டரி, மறுபக்கம் தள்ளினால் மாக்னெட்டோ. ஸ்டீரிங்குக்குக் கீழே இடப்புறமிருக்கும் நெம்புகோலை முழுவதும் மேலே தள்ளிப் பொறி விழும் கணத்தைத் தாமதப்படுத்திவிட்டு, வலப்புறத்து நெம்புகோலால் பெட்ரோலுக்கு அளவாக வழிவிட்டு, இறங்கி முன்னால் வந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சோக் கம்பியை ஒரு கையால் இழுத்தபடியே மறுகையால் ஹேண்டிலைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். அப்போது கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கலாகாது. பொறியைத் தாமதப்படுத்த மறந்திருந்தால் யந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். உதைத்தால் மணிக்கட்டு போயிற்று. இந்த வகையில் முன்கை எலும்பின் நுனி முறிவது அக்காலத்தில் அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், அம்முறிவுக்குக் காரோட்டியின் பெயரையே வைத்துவிட்டார்கள். எலும்பு வைத்தியர்களின் பாடநூல்களில் அப்பெயர் இன்னும் இருக்கிறது.

இதற்கு விமோசனம் பிறந்ததைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. டெட்ராய்ட்டில் வழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காடிலாக் வண்டிக்கு ஹேண்டில் போட்டுக் கொடுக்கப்போன பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளர் அதன் உதையால் தாடை உடைந்து மாண்டார் என்றும், அவருடைய நண்பரும் காடிலாக் அதிபருமான ஹென்றி லீலண்ட் மனம் நொந்து, இனி என் வண்டி எவரையும் கொல்லலாகாது என்று சங்கற்பம் செய்துகொண்டார் என்றும் சொல்வார்கள். கார்ட்டர் 1908ல் இறந்தது மெய்; மற்றவற்றை ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். கதை இவ்வளவு லட்சணமாக அமைந்திருப்பதே எனக்கும் சந்தேகத்தைத் தருகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாதது என்னவெனில், லீலண்டின் வேண்டுகோளை ஏற்றுச் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார் என்பதும், 1912ம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் அது வந்தது என்பதுமே. காரின் யந்திரத்தைச் சுற்ற அதற்கு ஈடான பருமனுள்ள மோட்டார் வேண்டுமே என்று மற்றவர்கள் மலைத்துக் கொண்டிருக்கையில், கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு முன்னரே சிறு மோட்டார் பொருத்திப் பழகியிருந்த கெட்டரிங், சில விநாடிகள் மட்டுமே உழைக்கப்போகும் மோட்டாருக்கு நாள் முழுதும் உழைப்பதன் பருமன் எதற்கு என்று கேட்டார். கேள்வியிலேயே யுக்தியும் இருந்தது.

அதன் பின் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், பொறிக்கு ஒரு சுவிட்ச், செல்ஃபுக்கு வேறொரு விசை என்பதே சம்பிரதாயம். சிலவற்றில் காலடியில் மிதிக்கும் பட்டன். சிலவற்றில் டேஷ்போர்டில் அழுத்தும் பட்டன். மாரிஸ் மைனரில் சாவி தனி, இழுக்கும் குமிழ் தனி. 1949ல் கிரைஸ்லர் கம்பெனியார்தான் சாவியை மேலும் ஒரு படி திருப்பினால் செல்ஃப் அடிக்கும்படி செய்தனர். சௌகரியம் யாருக்குத்தான் பிடிக்காது? மற்றவர்களும் பின்பற்றினர். திருட்டுப் பயத்தால் 1969ல் ஜெனரல் மோட்டார்ஸ் சாவித் துவாரத்தை ஸ்டீரிங் தண்டுக்கு மாற்றி, ஸ்டீரிங்கைப் பூட்டும் பொறுப்பையும் அதன் தலையிலேயே ஏற்றிற்று.

குடும்பப் பாரத்தையெல்லாம் ஒருவனே சுமந்தால் அவன் விழும்போது வீடே விழுவதுபோல, பல வேலைகளை ஏற்ற இந்தச் சிறு கருவி கெட்டபோது விளைந்த அனர்த்தமும் பெரிது. இக்னிஷன் சுவிட்சுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்று 1996ல் ஃபோர்டு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2014ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. சாவியை அதன் ஸ்தானத்தில் நிறுத்திப் பிடிக்கும் சிறு வில் தளர்வாக இருந்ததால், சாவிக்கொத்தின் கனத்தாலோ முழங்கால் பட்டோ ஓடுகிற வண்டியிலேயே சாவி ஒரு படி பின்வாங்கி, யந்திரம் நின்று, ஸ்டீரிங் கனத்து, மோதும் தருணத்தில் காற்றுப்பையும் விரியாது போயிற்று. நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் மாத்திரம் 124. குற்றத்தை இன்னும் கனமாக்குவது, சுவிட்சைத் திருத்தியமைத்த பிறகும் அதன் பாக எண்ணை மாற்றாமல் விட்டதே. அதனால் பழையது எது, புதியது எது என்று அறிய வழியில்லாமல் போயிற்று.

இத்தனையும் அறிந்த பின் டாகிள் சுவிட்சுக்கு வருவோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வம்சத்தில் வந்த அம்பாசிடர் போன்ற வண்டிகளின் பிரிட்டிஷ் மரபுப்படி, டேஷ்போர்டுக்கு அடியில் பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு ஒயர். காயிலுக்குப் போவது வெள்ளை. ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டுக்குப் போவது வெள்ளையில் சிவப்புக் கோடு. பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே டாகிள். டாகிளுக்கு அப்பாலுள்ள வெள்ளைக்கும் கோடிட்ட ஒயருக்கும் நடுவே பட்டன். சித்தாந்தம் இவ்வளவே. நூறு ஆம்பியருக்கு மேல் குடிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் பட்டன் வழியே போவதில்லை என்றாலும், சோலனாய்டு இழுப்பதே மெல்லிய பட்டனின் முனைகளைக் கருக்கப் போதுமாதலால், நடுவில் ஒரு ரிலே வைப்பது விவேகம். சாவியைக் கையில் எடுக்கும் பழக்கம் போய்விடுவதால் டாகிளை அணைக்க மறப்பதும் சகஜம். மறந்தால் காயில் சுட்டுப் பேட்டரி இறங்கும். யந்திரம் ஓடும்போது விரல் தவறிப் பட்டனில் பட்டாலும் பல்சக்கரம் அலறும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயிண்டும் உள்ள பழைய வண்டிக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் தகும், ஸ்டீரிங் பூட்டும் காற்றுப்பையும் உள்ள வண்டிக்குத் தகாது, அதற்கு உரிய சுவிட்சையே வாங்கிப் போடுங்கள். பழைய வண்டிக்குச் செய்வதானால் பழுப்பு ஒயரில் பியூஸ் ஒன்று வைக்காமல் வேலையை முடிக்க விடாதீர்கள். பூட்டு போய்விட்டபடியால், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.